பாட்டுக்குக் கருத்துச் சொல்லும் குழு தொடங்குகிறவர்களுக்கு, நான் பட்டதைச் சொல்கிறேன்

களுவாஞ்சிகுடியில் ஒரு தங்கச்சியும் சம்மாந்துறையில் ஒரு தம்பியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் என்னிடம் ஒரே விடயத்தைக் கேட்டார்கள். "அக்கா, நீங்க செய்யிற மாதிரி நாங்களும் ஒரு பாட்டுக் குழு தொடங்கப் போறம், என்னென்ன பார்க்கணும்?" துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட நடந்ததை முழுவதுமாக எழுதிவிடலாம் என்று இருந்துவிட்டேன். ஒருவர் கேட்டிராத பாட்டை இன்னொருவர் கொடுப்பார், கேட்டவர்கள் மனதில் பட்டதைச் சொல்வார்கள், அவ்வளவுதான் விடயம். எனக்கு அது சம்பளத்தில் ஒரு பங்கையும், பல இரவுத் தூக்கத்தையும், நான் மிகவும் மதித்த ஒரு பொடியனின் நட்பையும் எடுத்துக்கொண்டு போனது. அந்த நேரத்தில் இப்படி வரும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

தொடங்கியது 2022இல். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அந்தக் காலம். மட்டக்களப்பு ஆரையம்பதியில் என் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். என் கணவர் கட்டாரில். இருட்டில் போனில் மிச்சமிருக்கும் சார்ஜில் பாட்டுக் கேட்பேன். அம்மா தன் இளமைக் கால இலங்கை வானொலியைப் பற்றிச் சொல்லுவா. நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதிப் போட்டுவிட்டுத் தன் பெயரை வாசிப்பார்களா என்று காத்திருந்த கதை. பக்கத்து வீட்டு றேடியோவில் பாட்டுப் போனால் முழுத் தெருவும் அதையேதான் கேட்டதாம். என் போனில் நான் மட்டும்தான் கேட்கிறேன், அதுவும் நான் ஏற்கெனவே கேட்டதைப் போன்றதையே அது திரும்பத் திரும்பத் தருகிறது. அந்த ஏக்கத்தில்தான் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் பழக்கமானவர்கள், பள்ளிக்கூடச் சிநேகிதிகள் என்று சிலரைச் சேர்த்து வட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்தேன். கல்முனையில் ஒரு டீச்சர், காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), அக்கரைப்பற்றில் போன் திருத்தும் ஒரு தம்பி, மட்டக்களப்பு டச்பாரில் பிறந்து வளர்ந்த ஒரு பறங்கி அங்கிள் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழி வந்தவர்), இன்னும் சிலர். வெள்ளிக்கிழமை இரவு ஒருவர் ஒரு பாட்டுப் போடுவார். மற்றவர்கள் ஞாயிறு இரவுக்குள் மூன்று தரம் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடியும்வரை பாட்டுப் போட்டவர் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி நாங்கள் வைத்தவற்றிலேயே நல்லது. போட்டவர் "இது பெரிய ஆள் பாடினது" என்று முதலே சொல்லிவிட்டால் மற்றவர்களின் காது அப்போதே வளைந்துவிடும்.

மூன்று தரம் என்பதையும் விட்டுவிடாதீர்கள். முதல் தரத்தில் நாம் கேட்பது பாட்டையல்ல, நமக்குப் பழகியது அதில் இருக்கிறதா என்று தேடுகிறோம். இரண்டாம் தரத்தில்தான் பாட்டு தொடங்குகிறது. டீச்சர் ஒருமுறை செசாரியா எவோராவின் பாட்டொன்றைப் போட்டா. மேற்கு ஆபிரிக்காவுக்கு அப்பால் கடலில் கிடக்கும் கேப் வேர்ட் தீவுகளில் பிறந்தவர், செருப்பில்லாமல் மேடையேறிப் பாடுவார், 2011இல் காலமானார். முதல் தரம் எனக்கு அது ஏதோ ஹோட்டலில் சாப்பிடும்போது போடும் பாட்டுப் போலத்தான் பட்டது. காக்கா "நல்லா இரிக்கி, ஆனா என்னத்தப் பாடுறாங்கண்டு விளங்கல்ல" என்று எழுதினார். பறங்கி அங்கிள் மட்டும் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரவு பதினொரு மணிக்கு ஒரு வொய்ஸ் வந்தது. அந்தப் பாட்டில் இடைக்கிடை சில சொற்கள் தனக்குப் பிடிபடுகின்றன, தன் அம்மம்மா வீட்டில் கதைத்த மொழி மாதிரி இருக்கிறது என்றார். குரல் தளும்பியது. அந்தத் தீவுகளையும் 1975 வரை போர்த்துக்கேயர்தான் ஆண்டார்கள். இங்கே மட்டக்களப்புக் கோட்டை 1638இலேயே போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் நம் ஊர்ப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயம் கலந்த அந்தப் பேச்சு இன்னும் அடியோடு அழியவில்லை, கலியாண வீட்டில் வயலினோடு கஃப்றிஞ்ஞா ஆடுவதும் நிற்கவில்லை. அடுத்த கிழமை அங்கிள் தன் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் எடுத்த ஒரு கஃப்றிஞ்ஞாவைப் போட்டார். மட்டக்களப்பிலேயே பிறந்து வளர்ந்த நான் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். தெரியாத பாட்டு என்றால் கடலுக்கு அப்பால்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அடுத்த ஒழுங்கையிலும் இருக்கும் என்று அன்று எல்லாரும் உணர்ந்தோம். அக்கரைப்பற்றுத் தம்பி, முஸ்லிம் ஊர்களில் கம்பு தட்டி ஆடும் பொல்லடியின் பாட்டுக் கொண்டுவந்தான். டீச்சர் வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயிலில் பாடுவதைப் பதிந்து கொண்டுவந்தா. பிறகு நடந்த பிரச்சினைக்கும் இந்த இடத்தில்தான் வாசல் திறந்தது.

அதற்கு முன் காசு விடயம். யூடியூபில் மூன்று தரம் வீடியோவாகப் பார்த்தால் டேட்டா கரைந்துவிடும். 128 கேபிபிஎஸ் ஒலிக்கோப்பு ஒன்று ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு எம்பிதான். ஐந்து நிமிடப் பாட்டை ஒருதரம் இறக்கி வைத்துக்கொண்டால் எத்தனை தரம் கேட்டாலும் ஐந்து எம்பியோடு முடிந்தது. 2024 தையில் வற் வரி 18 வீதமானதற்குப் பிறகு மாதாமாதம் ரீலோட் போடுகிறவர்களுக்கு இது சின்ன விடயமில்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் சத்தம் போடாமல் விலகியதற்குக் காரணம் டேட்டா என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். தொடக்கத்திலேயே இதை வெளிப்படையாகக் கதையுங்கள்.

இனி நடந்த விடயம். என் அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, பாடி ஆடும் நாட்டுக்கூத்தில் ஒரு வகையான வடமோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். எழுபது வயது தாண்டியவர். என் முறை வந்த கிழமை மாமாவின் பாட்டைப் போடலாமா என்று அவரிடமே போய்க் கேட்டேன். "போடு புள்ள, கேட்கட்டும்" என்றார். அதற்கு முந்தின வருடம் களரியில், அதாவது கூத்தாடும் இடத்தில், மச்சான் போனில் எடுத்த பதிவு அது. ஆறு நிமிடம். கூத்தர் ஒருவர் களரிக்குள் வரும்போது பாடும் வரவுப் பாட்டைப் பாட, மாமா மத்தளம் அடித்தபடி எடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் திருப்பிப் படிக்கிறார்கள்.

ஞாயிறு பின்னேரம் அக்கரைப்பற்றுத் தம்பி வொய்ஸ் போட்டான். "அக்கா, எனக்கு இது பாட்டாவே படல்ல. ஒருத்தர் கத்துறாரு, பின்னால நாலு பேர் அதையே கத்துறாங்க. மெட்டு மாறவே இல்ல. ஆனா இதுக்குள்ள ஏதோ இரிக்கி, எனக்குத்தான் பிடிபடல்ல. கூத்துத் தெரிஞ்ச யாராவது எனக்கு எப்பிடிக் கேட்கணும் எண்டு சொல்லித்தாங்க, நான் திரும்பக் கேட்கிறன்." முழுதாகக் கேட்டால் இது மரியாதையான பேச்சு. எங்கள் குழுவில் எதிர்பார்த்த நேர்மையும் இதுதான். யாரோ ஒருவர், யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்த வொய்ஸின் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து ஊர்க் குழுவொன்றில் போட்டுவிட்டார். கீழே "நம்மட கூத்தப் பத்தி ஒரு முஸ்லிம் பொடியன் சொல்றதக் கேளுங்க" என்று எழுதியிருந்தது.

திங்கள் காலை மருந்துக்கடையில் நிற்கும்போது எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. மாமாவிடம் பழகும் பொடியன்மார் எங்கள் படலையடிக்கு வந்து, அவன் நம்பரைத் தாருங்கள் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. ஆனால் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் கடை நம்பருக்கு எடுத்து ஏசியிருக்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம் ஊர்களில் ஒரு சொல் எங்கே போய் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பாட்டுக்குச் சொன்ன கருத்து, இரண்டு ஊர்ப் பிரச்சினையாக மாறப் போகிறதோ என்று என் கைகால் நடுங்கியது. அவருக்குக் கட்டாருக்கு எடுத்துச் சொன்னால் அங்கே இருந்து என்ன செய்வார், வீணாகப் பயப்படுவார் என்று சொல்லவில்லை. அம்மா என்னோடு இரண்டு நாள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. அண்ணனின் மானம் போய்விட்டது என்று அவவுக்குக் கவலை. குழுவில் எல்லாரும் மௌனமானார்கள். நான் குற்றம் சொல்லவில்லை, ஆளாளுக்குப் பயம். ஆனால் அந்த மௌனம்தான் என்னை மிகவும் வருத்தியது. கடையில் சம்பளமில்லாத லீவு எடுத்தேன். அந்த மாதம் லீவுக்கு வெட்டியதும், ஓட்டோவும், பிறகு சொல்லப்போகும் சாமான்களும் சேர்த்து 20,000 ரூபாய்க்கு மேல் போனது. நேரத்தைக் கணக்குப் பார்க்கவே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது மிக முக்கியம். வொய்ஸை வெட்டலாம். வெட்டினால் மிச்சம் இருந்ததே தெரியாது. எழுத்தையும் படம் பிடிக்கலாம்தான், ஆனால் எழுத்தில் ஒருவர் முதல் வரியிலேயே "எனக்குக் கூத்துப் பழக்கமில்லை, அதனால் கேட்கிறேன்" என்று வைத்துவிட்டால் அதை மறைத்து வெட்டுவது கொஞ்சம் கடினம். குரலும் போகாது, ஒருவரின் குரலைக் கேட்டு அவர் எந்த ஊர், எந்தச் சனம் என்று நாம் ஒரு வசனத்தில் பிடித்துவிடுவோம் அல்லவா? அதுதான் அன்று வினையானது. கட்டாயம் வொய்ஸ்தான் வேண்டுமென்றால், 2023 கடைசியில் வட்ஸ்அப்பில் வந்த, ஒருதரம் மட்டும் கேட்கக்கூடிய வொய்ஸ் இருக்கிறது, அதைப் போடுங்கள். அதை இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. இன்னொரு போனை அருகில் வைத்துப் பதிகிறவரை அதுவும் தடுக்காது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். தெரியாத சொந்தக்காரரை எல்லாம் குழுவில் சேர்ப்பதை நாங்கள் அதோடு நிறுத்திவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை மாமாவே என்னை வரச் சொன்னார். அழுகையோடுதான் போனேன். அவர் கேட்டது ஒரே விடயம்: "அந்தப் பொடியன் சொன்னத முழுக்கப் போடு." போட்டேன். முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இப்ப நீ அவனுக்கு அனுப்பின பாட்டப் போடு." என் போனில் போட்டேன். அரை நிமிடம் போவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "புள்ள, இதில மத்தளம் எங்க?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். மத்தளத்தின் வலந்தலை மட்டும் தகரத்தில் தட்டுவதுபோல் கேட்கிறது. அடித்தொனி தரும் இடந்தலை இல்லவே இல்லை. பிற்பாட்டுக்காரர் போனுக்கு அருகில் நின்றதால் அவர்கள் குரல்தான் மேலே. சலங்கைச் சத்தம் ஒரு இரைச்சல். எனக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நான் சின்ன வயதிலிருந்து களரியில் இருந்து கேட்டவள், இல்லாத மத்தளத்தை என் மனம் தானாகப் போட்டு நிரப்பிக்கொண்டது. கூத்தைக் காணாத அந்தத் தம்பிக்கு நிரப்ப ஒன்றும் இல்லை. அவன் கேட்டது கத்தல்தான். "அவன் கேட்டதத்தானே சொல்லியிருக்கான். மத்தளம் இல்லாட்டி இது கத்தல்தான்" என்றார் மாமா.

கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் தோணித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்கள் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெறுங்காதை வைத்துக்கொண்டு பாலத்தில் நின்றுவிட்டு மீன் பாடவில்லை என்று சொல்ல முடியாது. மாமா அன்று அதைத்தான் சொன்னார்: பாட்டைக் கொடுக்கும்போது துடுப்பையும் சேர்த்துக் கொடுக்க வேணும்.

அதனால் இப்போது எங்கள் குழுவில் பாட்டோடு நாலு வரி சேர்த்துக் கொடுப்போம். புகழ்ச்சி எழுதுவதில்லை. எங்கே பாடுவது, எப்போது பாடுவது, யார் சேர்ந்து பாடுவது, எதில் பதிந்தது, எதில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கூத்துப் பாட்டுக்கு நான் இப்போது எழுதுவது இப்படி இருக்கும்: மைக் இல்லாத காலத்தில் விடியவிடிய வட்டக்களரியில் ஆடியது, சுற்றி நாலு பக்கமும் இருப்பவருக்குக் கேட்க வேண்டும், அதனால் குரல் உச்சத்தில் இருக்கும். ஆடிக்கொண்டே பாடுகிறவருக்கு மூச்சு வாங்கும். அவர் ஆட, வரியைப் பிற்பாட்டு எடுத்துக்கொள்ளும். ஒரே வரி திரும்பி வரும்போது குரலைக் கவனிக்காமல் மத்தளத்தையும் காலையும் கவனியுங்கள், மாறுவது அங்கேதான். இதைச் சொன்ன பிறகும் ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லைதான். அந்த உரிமையைப் பறிக்கக் கூடாது.

போன் ஸ்பீக்கரில் எந்தத் தோல் வாத்தியத்தையும் கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அடித்தொனி எடுக்கத் தெம்பில்லை. நல்ல வயர் ஹெட்போன் ஒன்று போதும். நான் 4,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், ஆரையம்பதி ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பாவிக்கிறோம். பதிவுக்கு ஒரு சின்ன ரெக்கோடரும் வாங்கினேன். அது இல்லாமலும் செய்யலாம்: இரண்டு போன் எடுத்து, ஒன்றை மத்தளத்தின் இடந்தலைப் பக்கம் ஐந்தாறு அடி தள்ளியும், மற்றதைப் பாடுகிறவர் பக்கமும் வைத்து, இரண்டையும் விமான முறையில் போட்டுப் பதியுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மைக் ஓட்டைக்கு மேல் மெல்லிய துணி ஒன்றைப் போடுங்கள். வட்ஸ்அப் அழைப்பிலோ வொய்ஸிலோ பாட்டை நேரடியாகப் பாடி அனுப்ப வேண்டாம், அது பேச்சுக்காகச் செய்தது, வாத்தியத்தை நசுக்கிவிடும். பதிந்த கோப்பை டொகியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

மாமா தன் மாணவர்களை வீட்டுத் திண்ணையில் இருத்திக் கதைத்தார். அந்த வொய்ஸை முழுதாகப் போட்டுக் காட்டினார். பிறகு என் போனில் தானே ஒரு பதிவு செய்து, வெட்டிய துண்டு போன அதே ஊர்க் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். "தம்பி கேட்டது நல்ல கேள்வி, அவனுக்குப் பதில் சொல்ற பொறுப்பு எனக்கு. ஒருத்தரும் அவன ஏசக் கூடாது" என்று அதில் இருந்தது. அதோடு ஏச்சு அடங்கியது. எல்லா இடத்திலும் இப்படி ஒரு மாமா இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முன்னேற்பாடு வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிறேன். பாடியவர் உயிரோடு, பக்கத்தில், நாளைக்குச் சந்தையில் காணக்கூடிய ஆளாக இருந்தால், கருத்து முதலில் அவர் காதுக்குப் போகட்டும், குழுவுக்குப் பிறகு வரட்டும். செசாரியா எவோராவுக்கு நாம் சொல்வது கேட்கப்போவதில்லை. அண்ணாவியாருக்குக் கேட்கும், அவர் பேரப்பிள்ளைக்குக் கேட்கும்.

அக்கரைப்பற்றுக்கும் போனேன், கல்முனை பஸ்ஸில் போய் மாறி. தம்பியின் உம்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தா. அவன் வந்து எதிரில் இருந்தான், நிலத்தைப் பார்த்தபடி. மாமா மீண்டும் பாடிப் பதிந்ததை ஹெட்போனில் போட்டுக் கொடுத்தேன். முழுதாகக் கேட்டான். "இது வேற பாட்டு அக்கா" என்றான். பிறகு மெதுவாக, "நான் இனிக் குழுவுக்கு வரல்ல. உம்மா பயப்படுறா" என்றான். நான் வற்புறுத்தவில்லை. எங்கள் எல்லாரிலும் கூர்மையான காது அவனுடையது. அவன் போனதில் குழு இழந்ததை எந்தக் காசாலும் நிரப்ப முடியாது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒவ்வொரு கிழமைப் பாட்டையும் அவனுக்குத் தனியாக அனுப்புகிறேன். கேட்கிறான் போல, நீலக் குறி விழுகிறது. இதுவரை பதில் இல்லை.

தொடங்கப் போகிறவர்கள் முதல் இரண்டு மூன்று மாதம் தூரத்துப் பாட்டுகளையே போடுங்கள். மாலியின் கித்தார், கவ்வாலி, கேப் வேர்ட், எது வேண்டுமானாலும். பிடிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லவும், அதைக் கேட்டுக் கோபப்படாமல் இருக்கவும் அதில்தான் பழக்கம் வரும். அந்தப் பழக்கம் வந்த பிறகு குளிர்த்தி, கூத்து, பொல்லடி, கஃப்றிஞ்ஞா என்று வீட்டுக்கு அருகே வாருங்கள். ஆட்கள் எட்டுக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் யார் யாருக்கு என்ன அனுப்புகிறார் என்று ஒருவராலும் பார்க்க முடியாது. நடத்துகிற ஆள் ஒருவராக இருக்க வேண்டாம். வெவ்வேறு ஊரைச் சேர்ந்த, முடிந்தால் வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் சேர்ந்து நடத்துங்கள். அன்று திங்கட்கிழமை காத்தான்குடியிலோ கல்முனையிலோ இருந்து ஒரு குரல் என்னோடு சேர்ந்து கதைத்திருந்தால் செவ்வாய்வரை அந்தத் தம்பி தனியாக ஏச்சு வாங்கியிருக்க மாட்டான். இப்போது என்னோடு டீச்சரும் காக்காவும் நடத்துகிறார்கள். எங்கள் நாலு வரிக் குறிப்பின் மாதிரி யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.